பொதி வருமுன் கணக்குப் பார்ப்போம்
சைக்கிள் உதிரிப்பாகங்களும் சுங்கத் தீர்வையும் – குடும்பங்களுக்கான பாடம்



இடம்பெயர்ந்த விவசாயிக்கு இழப்புகள் பல. அவற்றுள் அதிகம் பேசப்படாத ஒன்று தூரம். சொந்தக் காணியில் இருந்த காலத்தில் வீட்டுக் கோடியிலேயே தோட்டம் இருந்தது. கிணறும் அங்கேயே இருந்தது. இன்று உறவினர் காணியிலோ குத்தகைக் காணியிலோ பயிர் செய்பவர், இருப்பது ஓரிடம், தோட்டம் வேறிடம், சந்தை இன்னோரிடம் என்று அலைகிறார். இந்த மூன்று இடங்களையும் இணைப்பது பெரும்பாலும் ஒரு சைக்கிள்தான். கத்தரிக்காய்ச் சாக்கு மருதனார்மடத்துக்குப் போவதும், மண்வெட்டியும் மருந்தடிக்கும் கருவியும் தோட்டத்துக்குப் போவதும், பிள்ளை பள்ளிக்கூடம் போவதும் அதே இரண்டு சில்லுகளில்தான்.

சைக்கிளின் அருமை நமக்குப் புதிதல்ல. 1990களில் எரிபொருளும் மின்கலமும் வடக்கே வராமல் தடைப்பட்ட காலத்தில், சைக்கிளே வண்டியாகவும் லொறியாகவும் நோயாளரைக் கொண்டுபோகும் வாகனமாகவும் இருந்தது. டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்டோம். 1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் எழுந்து நடந்தபோது, எத்தனையோ குடும்பங்களின் வீடு முழுவதும் ஒரு கரியரிலும் ஒரு ஹான்டிலிலும் தொங்கியது. 2022 இல் நாடெங்கும் எரிபொருள் வரிசை நீண்டபோது, சைக்கிளை மறந்திருந்தவர்களும் அதைத் தேடினார்கள். விலைகள் ஏறின, உதிரிப்பாகங்களும் கைக்கெட்டாமல் போயின.

அப்படிப்பட்ட வேளைகளில் நமக்கு உடனே வரும் யோசனை, வெளிநாட்டில் உள்ள பிள்ளையிடமோ சகோதரனிடமோ சொல்லி அனுப்புவிப்பதுதான். “அங்கே மலிவு, நல்ல சாமானும் கூட” என்று சொல்வார்கள். சில வேளைகளில் அது உண்மை. ஆனால் கடையில் ஒட்டியிருக்கும் விலை, பொருள் நம் முற்றத்துக்கு வந்து சேரும் விலை அல்ல. இடையில் கப்பற்கூலி, காப்புறுதி, சுங்கத் தீர்வை, வேறு வரிகள், களஞ்சியக் கூலி எல்லாம் ஏறுகின்றன. இதை அறியாமல் பொதியை வரவழைத்துவிட்டு, அதை எடுப்பதற்கு விதை வாங்க வைத்திருந்த பணத்தைக் கட்ட நேர்ந்தால், உதவியாக வந்தது சுமையாகிவிடும்.

வந்து சேரும் விலையை முன்கூட்டியே கணக்கிடுவது எப்படி, எதை வெளியே வாங்கலாம், எதை இங்கேயே வாங்க வேண்டும் என்பதே இப்பாடம். ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு வாசியுங்கள்.

1. தீர்வை ஏன் அறவிடப்படுகிறது?

வெளிநாட்டிலிருந்து ஒரு பொருள் நாட்டுக்குள் வரும்போது அரசு அறவிடும் வரியே இறக்குமதித் தீர்வை. இதை அறவிடுவது சுங்கத் திணைக்களம். அதற்கு அடிப்படையான சுங்கக் கட்டளைச் சட்டம் 1869 ஆம் ஆண்டிலிருந்து, பல திருத்தங்களோடு, நடைமுறையில் உள்ளது.

தீர்வைக்கு மூன்று காரணங்கள் சொல்லலாம். முதலாவது, அரசின் வருமானம். இரண்டாவது, உள்நாட்டில் அதே பொருளைச் செய்பவரைக் காப்பது. மூன்றாவது, நாட்டிலிருந்து அந்நியச் செலாவணி வெளியே போவதைக் குறைப்பது.

இரண்டாவது காரணம் விவசாயிக்கு நன்றாக விளங்கும். நமது உருளைக்கிழங்கும் வெங்காயமும் சந்தைக்கு வரும் வேளையில் வெளிநாட்டுக் கிழங்கு மலிவாக வந்து இறங்கினால், நமது விலை விழுந்துவிடும். அப்போது “இறக்குமதி வரியைக் கூட்டுங்கள்” என்று கேட்பவர்கள் நாமே. இத்தகைய உணவுப் பொருட்களுக்காகவே 2007 ஆம் ஆண்டில் விசேட வியாபாரப் பண்ட அறவீட்டுச் சட்டம் வந்தது. கிழங்கு விற்கும்போது நம்மைக் காக்கும் அதே வேலி, சைக்கிள் பாகம் வாங்கும்போது நம் வழியில் நிற்கிறது. வேலியைத் திட்டிக்கொண்டு நிற்பதை விட, படலை எங்கே இருக்கிறது என்று அறிந்துகொள்வது பயன் தரும்.

2. கணக்கு எங்கிருந்து தொடங்குகிறது?

பலர் நினைப்பது, தீர்வை பொருளின் விலைக்கு மட்டுமே என்று. அது தவறு. இலங்கையில் தீர்வை கணக்கிடப்படுவது மூன்றின் கூட்டுத்தொகைக்கு:

அ. பொருளின் விலை
ஆ. காப்புறுதி
இ. இங்கே வந்து சேரும் வரையிலான கப்பல் அல்லது விமானக் கூலி

இந்தக் கூட்டுத்தொகையைச் சுங்கத்தார் சீ.ஐ.எவ். பெறுமதி என்பார்கள். நாம் இப்பாடத்தில் அதை “வந்திறங்கிய பெறுமதி” என்று சொல்வோம்.

இதில் ஒரு முக்கியமான விடயம் இருக்கிறது. கூலிக்கும் வரி உண்டு. சைக்கிள் பாகங்கள் பெரும்பாலும் இரும்பு. இரும்பு பாரம். பாரம் கூடினால் கூலி கூடும். கூலி கூடினால் வரியும் கூடும். மலிவான, பாரமான பொருளை விமானத்தில் அனுப்புவது எல்லாவற்றிலும் நட்டமான வழி.

அடுத்தது நாணய மாற்று. வெளிநாட்டுப் பணத்தில் உள்ள பெறுமதியைச் சுங்கம் தான் அறிவிக்கும் மாற்று விகிதப்படி ரூபாவாக்கும். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்தது. மே மாதத்தில் 360 ரூபாவைத் தொட்டது. அப்போது வரி வீதம் மாறாதிருந்தாலும், நூற்றுக்கு இவ்வளவு என்று கணக்கிடப்படுவதால் கட்ட வேண்டிய ரூபா தானாகவே ஏறிவிடும்.

3. எந்தெந்த வரிகள்?

ஒரு பொதியில் ஒரே வரி அல்ல, பல வரிகள் சேர்ந்து விழக்கூடும். அவற்றின் பெயர்களை அறிந்து வைத்திருந்தால், கையில் தரப்படும் சீட்டை வாசித்து விளங்கிக்கொள்ளலாம்.

இறக்குமதித் தீர்வை: பொருளுக்குப் பொருள் வீதம் வேறுபடும். வந்திறங்கிய பெறுமதிக்கு அறவிடப்படும்.

துறைமுக, விமான நிலைய அபிவிருத்தி அறவீடு: 2011 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கச் சட்டப்படி அறவிடப்படுவது. இதுவும் வந்திறங்கிய பெறுமதிக்கே.

செஸ்: 1979 ஆம் ஆண்டின் ஏற்றுமதி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் வருவது. எல்லாப் பொருளுக்கும் இல்லை. உள்நாட்டில் செய்யப்படும் பொருட்களுக்குப் போட்டியாக வருபவற்றின் மீது பெரும்பாலும் இருக்கும்.

பெறுமதி சேர் வரி: வற் என்று எல்லோரும் சொல்வது. இது 2019 டிசம்பரில் 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. 2022 ஜூனில் 12 ஆகவும், அதே ஆண்டு செப்டெம்பரில் 15 ஆகவும், 2024 ஜனவரி 1 முதல் 18 ஆகவும் உயர்ந்தது.

சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பு அறவீடு: 2022 ஒக்டோபரில் 2.5 சதவீதமாகத் தொடங்கியது.

சுமார் நான்கு ஆண்டுகளுக்குள் வற் வீதம் நான்கு முறை மாறியிருப்பதைக் கவனியுங்கள். “போன முறை மாமா அனுப்பினபோது இவ்வளவுதான் கட்டினோம்” என்பது இந்த முறைக்குச் சாட்சி ஆகாது. ஒவ்வொரு முறையும் அன்றைய வீதத்தைக் கேட்டறிய வேண்டும்.

4. ஒரு கணக்கைச் செய்து பார்ப்போம்

கீழே உள்ள வீதங்களும் நாணய மாற்றும் கணக்கைக் கற்பதற்காக நாம் வைத்துக்கொண்டவை. முறையைக் கவனியுங்கள், எண்களை மனப்பாடம் செய்ய வேண்டாம்.

பாகங்களின் விலை 60 டொலர். கூலி 35 டொலர். காப்புறுதி 5 டொலர். கூட்டினால் 100 டொலர். ஒரு டொலர் 300 ரூபா என்று வைத்தால், வந்திறங்கிய பெறுமதி 30,000 ரூபா.

இறக்குமதித் தீர்வை நூற்றுக்கு 20 என்றால்: 6,000 ரூபா.

துறைமுக, விமான நிலைய அறவீடு நூற்றுக்கு 10 என்றால்: 3,000 ரூபா.

இனி வற். இங்கே கவனம் வேண்டும். வற் வந்திறங்கிய பெறுமதிக்கு மட்டும் கணக்கிடப்படுவதில்லை. அந்தப் பெறுமதியோடு அதன் பத்தில் ஒரு பங்கைக் கூட்டி, முன்பு விழுந்த தீர்வையையும் அறவீட்டையும் கூட்டி, வரும் தொகைக்கே கணக்கிடப்படும்.

வந்திறங்கிய பெறுமதி: 30,000
அதில் பத்தில் ஒன்று: 3,000
தீர்வை: 6,000
துறைமுக அறவீடு: 3,000
கூட்டுத்தொகை: 42,000
இதற்கு நூற்றுக்கு 18 வற்: 7,560 ரூபா

மூன்று வரிகளையும் கூட்டினால் 16,560 ரூபா. வந்திறங்கிய பெறுமதியோடு சேர்த்தால் 46,560 ரூபா.

பொருளின் கடை விலை எவ்வளவு? 60 டொலர், அதாவது 18,000 ரூபா. அந்த 18,000 ரூபாப் பொருள் நம் கையில் 46,560 ரூபாவாக வந்து சேர்கிறது. இதில் செஸ் சேரவில்லை. சமூகப் பாதுகாப்பு அறவீடு சேரவில்லை. முகவர் கூலியும் களஞ்சியக் கூலியும் சேரவில்லை.

இன்னொன்றையும் பாருங்கள். 20, 10, 18 என்று வீதங்களை வாயால் கூட்டினால் 48 வரும். ஆனால் 30,000 ரூபாவுக்கு 16,560 ரூபா என்பது நூற்றுக்கு 55 ரூபாவுக்கும் மேல். வரியின் மேலும் வரி விழுவதே காரணம். பொருளின் கடை விலையோடு ஒப்பிட்டால் வரி மட்டுமே நூற்றுக்கு 92.

அனுப்புபவர் வாழும் நாட்டிலும் ஒரு வரி ஒளிந்திருக்கிறது. நோர்வேயில் கடை விலைக்குள் நூற்றுக்கு 25 வற் உண்டு, பிரித்தானியாவில் 20, ஜேர்மனியில் 19. பிள்ளை தானே கடைக்குப் போய் வாங்கிப் பொதி கட்டி அனுப்பினால், அந்த வரியையும் கட்டியே அனுப்புகிறார். நோர்வேயில் 60 டொலர் கொடுத்து வாங்கிய பொருளில் 12 டொலர் அந்நாட்டு வரி. கடைக்காரரே நேரடியாக வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏற்பாடு இருந்தால், பல இடங்களில் அந்த வரியைக் கழித்து விற்பார்கள். வாங்குமுன் அதைக் கேட்கச் சொல்லுங்கள்.

5. ஒரு சைக்கிள், பல இலக்கங்கள்

சுங்கத்தாருக்கு “சைக்கிள் சாமான்” என்ற ஒரே பொருள் இல்லை. உலக நாடுகள் பெரும்பாலும் பின்பற்றும் ஒரு பொருள் வரிசை உண்டு. 1988 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அதனை எச்.எஸ். இலக்கமுறை என்பார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் ஓர் இலக்கம். ஒவ்வொரு இலக்கத்துக்கும் தனித்தனி வரி வீதம். முழுச் சைக்கிளின் இலக்கம் 8712. அதைக் கழற்றினால் பாகங்கள் பல இடங்களுக்குச் சிதறிப் போகின்றன:

பிறேமும் போர்க்கும்: 8714.91
ரிம்மும் கம்பிகளும்: 8714.92
ஹப்பும் பிறீவீல் பற்சில்லும்: 8714.93
பிறேக்: 8714.94
சீற்: 8714.95
பெடலும் கிராங்கும்: 8714.96
ரயர்: 4011.50
ரியூப்: 4013.20
செயின்: 7315.11
போல்ஸ் என்று சொல்லும் இரும்புக் குண்டுகள்: 8482.91
லைற்: 8512.10
காற்றடிக்கும் பம்: 8414.20
மோட்டார் சைக்கிள் பாகங்கள்: 8714.10

ரயரும் ரியூப்பும் இறப்பர்ப் பொருட்களோடு நிற்கின்றன. செயின் இரும்புப் பொருட்களோடு நிற்கிறது. ஆகவே ஒரே பொதியில் வந்த ஐந்து பாகங்களுக்கு ஐந்து வீதம் இருக்கலாம். விலைப்பட்டியலில் “சைக்கிள் பாகங்கள் ஒரு பெட்டி” என்று மொத்தமாக எழுதினால், அதிகாரி எதை எங்கே வைப்பது என்று தெரியாமல் பெட்டியைப் பிரிக்க வேண்டிவரும், நேரமும் போகும். ஒவ்வொரு பொருளின் பெயர், எண்ணிக்கை, விலை ஆகியன தனித்தனியே எழுதப்பட வேண்டும்.

சிறப்பாகக் கவனிக்க வேண்டிய இலக்கம் ஒன்று உண்டு. போரில் கால் இழந்தவர்களும் நடக்க முடியாதவர்களும் பாவிக்கும் சக்கர நாற்காலி போன்ற வண்டிகளுக்கு இலக்கம் 8713. அவற்றின் பாகங்களுக்கு 8714.20. இவை சாதாரண சைக்கிள் பாகத்தின் இலக்கத்தில் பதியப்படக்கூடாது. அத்தகைய பொதி வருமாயின், அது யாருக்கு, எந்த வண்டிக்கு என்பதைப் பட்டியலிலேயே தெளிவாக எழுதி, அந்த இலக்கத்துக்குரிய வீதத்தையும் சலுகை உண்டா என்பதையும் முன்கூட்டியே சுங்கத்தில் கேளுங்கள்.

6. “இது அன்பளிப்புத்தானே?”

அன்பளிப்புக்கு வரி இல்லை என்று பலர் நம்புகிறார்கள். பெட்டியின் மேல் “அன்பளிப்பு” என்று எழுதுவதால் மட்டும் தீர்வை நீங்காது. பணம் கொடுத்து வாங்காத பொருளுக்கும் சுங்கம் ஒரு பெறுமதி வைக்கும். அதே பொருள், அல்லது அதைப் போன்ற பொருள், அண்மையில் என்ன விலைக்கு நாட்டுக்குள் வந்தது என்று பார்த்து வைக்கும். பாவித்த பழைய பாகத்துக்கும் பெறுமதி உண்டு.

விமான நிலையம் வழியாக உறவினர் தம் பயணப் பொதியில் கொண்டு வருவது வேறு. தம் சொந்தப் பாவனைக்கென நியாயமான அளவு கொண்டு வருபவருக்குச் சட்டத்தில் ஒரு சலுகை எல்லை உண்டு. அவர் வெளிநாட்டில் எத்தனை நாள் இருந்தார் என்பதைப் பொறுத்து அது மாறும். ஒரு சோடி பிறேக் கட்டை சொந்தப் பாவனை. ஐம்பது சோடி வியாபாரம்.

சிலர் ஒரு தந்திரம் சொல்லிக் கொடுப்பார்கள்: “விலைச்சீட்டில் குறைத்து எழுது.” அதைச் செய்ய வேண்டாம். பொய் விலை காட்டினால் பொருளைப் பறிமுதல் செய்யவும் தண்டம் விதிக்கவும் சட்டம் இடம் தருகிறது. பாகமும் போய், தண்டமும் கட்டி நிற்பவர் அனுப்பிய பிள்ளை அல்ல, பெயர் எழுதப்பட்டிருக்கும் தாயோ தகப்பனோதான். அடையாள அட்டையைத் தொலைத்து, வாழ்நாள் முழுவதும் பதிவுகளுக்காக வரிசையில் நின்ற நமக்கு இன்னொரு கோவை வேண்டாம்.

7. வரி கட்டிய பின் பொருந்தாத பாகம்

வரியிலும் பெரிய நட்டம் ஒன்று உண்டு. எல்லாம் கட்டி எடுத்த பாகம் நம் சைக்கிளுக்குப் பொருந்தாமல் போவது.

ரயரை எடுத்துக்கொள்வோம். “26 ரயர்” என்று சொன்னால் போதாது. 26 x 1⅜ என்று எழுதிய ரயர், 590 மில்லிமீற்றர் விட்டமுள்ள ரிம்முக்கு உரியது. 26 x 1.75 என்று எழுதியது 559 மில்லிமீற்றருக்கு உரியது. இரண்டும் 26 தான். ஒன்றில் மற்றது ஏறாது. நமது பழைய பெரிய சைக்கிளின் 28 x 1½ ரயர் 635 மில்லிமீற்றர். ஜேர்மனிக் கடைகளில் 28 என்று விற்கப்படுவது பெரும்பாலும் 622 மில்லிமீற்றர். அங்கிருந்து “28 தான் அம்மா” என்று அனுப்பிய ரயர் இங்கே சுவரில் தொங்கத்தான் உதவும்.

ஆகவே, பழைய ரயரின் பக்கத்தில் புடைத்து எழுதியிருக்கும் எண்களை முழுவதும் பார்த்து எழுதுங்கள். 37-590 என்பது போன்ற எண் இருந்தால் அதையே எழுதி அனுப்புங்கள். அதில் பிழை வராது.

செயினிலும் இரண்டு வகை உண்டு. கியர் இல்லாத நமது சைக்கிளுக்கு அகலமான செயின், அதாவது ½ x ⅛. கியர் சைக்கிளின் செயின் ஒடுக்கமானது. குண்டுகளில், முன் சில்லுக்குப் பொதுவாக 3/16 அங்குலம், பின் சில்லுக்கு ¼ அங்குலம். கொட்டர் பின் போட்ட கிராங்குக்கும், பின் இல்லாத புதுமுறைக் கிராங்குக்கும் அக்சிலே வேறு. சைக்கிள் திருத்துபவரிடம் பழைய பாகத்தைக் காட்டி, அளவைத் தாளில் எழுதி வாங்கிய பின்பே வெளிநாட்டுக்குச் சொல்லுங்கள்.

8. எதை இங்கே வாங்குவது? எதை அனுப்பச் சொல்வது?

ரயரும் ரியூப்பும் நம் நாட்டிலேயே, நம் நாட்டு இறப்பரில் செய்யப்படுகின்றன. அவற்றை வெளிநாட்டிலிருந்து தருவிப்பதில் பெரும்பாலும் பயனில்லை. கம்பி, குண்டு, கோன், கொட்டர் பின், பிறேக் கட்டை போன்றவை மலிவானவை, அடிக்கடி தேய்பவை. கொழும்பில் உள்ள மொத்த வியாபாரி இவற்றைக் கொள்கலனில் ஆயிரக்கணக்கில் கொண்டு வருகிறார். அவருக்கு ஒரு கொட்டர் பின்னுக்கு விழும் கப்பற்கூலி சில சதம். நமது சிறு பொதியில் விழுவதோ பல ரூபா. அவரோடு நாம் போட்டியிட முடியாது.

ரிம், பிறேம், கரியர் போன்ற பாரமானவையும் பெரியவையும் கூலியிலேயே நம்மைத் தின்றுவிடும்.

அனுப்பச் சொல்வதற்கு ஏற்றவை மூன்று குணம் உள்ளவை: பாரம் குறைந்தவை, நெடுநாள் உழைப்பவை, இங்கே கிடைக்காதவை. கையால் செலுத்தும் மூன்று சில்லு வண்டிக்கு வேண்டிய ஒரு சிறப்புப் பாகம், நல்ல இரும்பில் செய்த ஒரு செயின் வெட்டும் கருவி, கோன் இறுக்கும் மெல்லிய சாவி போன்றவை இதற்கு உதாரணம். ஒரு கருவி ஊரிலுள்ள நூறு சைக்கிளைத் திருத்தும். ஒரு ரிம் ஒரு சைக்கிளுக்குத்தான்.

எல்லாவற்றுக்கும் மேலாக ஓர் எளிய விதி: முதலில் உள்ளூர் விலையைக் கேளுங்கள், பிறகு வந்து சேரும் விலையைக் கணக்கிடுங்கள், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். உள்ளூரில் 30,000 ரூபாவுக்குக் கிடைப்பதை 46,560 ரூபாவுக்குத் தருவிப்பதை விட, அந்த 60 டொலரையும் 35 டொலர்க் கூலியையும் 5 டொலர்க் காப்புறுதியையும் பிள்ளை பணமாக அனுப்பினால் குடும்பத்துக்குப் பாகமும் கிடைக்கும், வரிக்குக் கட்ட இருந்த பணம் ஒரு பை உரத்துக்கோ விதை வெங்காயத்துக்கோ உதவியாக மிஞ்சும். வங்கி வழியாக வந்த பணத்துக்கு இறக்குமதித் தீர்வை இல்லை.

இதைப் பிள்ளையிடம் சொல்வதற்குக் கூச்சப்பட வேண்டாம். “தம்பி, நீ அனுப்பிறது பெரிய உதவி. ஆனால் அனுப்ப முன்னம் ஒருக்கா விலைச்சீட்டையும் பாரத்தையும் சொல்லு. இங்க நாங்கள் கணக்குப் பாத்திட்டுச் சொல்லுறம்” என்றால் அவர் கோபிக்க மாட்டார். குளிரில் இரவு வேலை செய்து உழைத்த பணம் வீணாகாமல் பார்ப்பதும் அவருக்கு நாம் செய்யும் கடமைதான்.

9. சேர்ந்து வாங்கினால்?

முன்பு பார்த்த அதே கணக்கைப் பத்துக் குடும்பங்கள் சேர்ந்து செய்வதாக வைப்போம். பாகங்கள் 600 டொலர். பொதி ஒன்றாகக் கடல் வழியே வருவதால் கூலி 90 டொலர் என்று கொள்வோம். காப்புறுதி 10. மொத்தம் 700 டொலர், அதாவது 2,10,000 ரூபா. அதே வீதப்படி தீர்வை 42,000, துறைமுக அறவீடு 21,000, வற் 52,920. வரி மொத்தம் 1,15,920. எல்லாம் சேர 3,25,920 ரூபா. ஒரு குடும்பத்துக்கு 32,592 ரூபா. தனித்து வாங்கியபோது 46,560. ஒவ்வொரு குடும்பத்துக்கும் 13,968 ரூபா மிச்சம். வரி வீதம் மாறவில்லை. கூலி பங்கிடப்பட்டதே காரணம்.

ஆனால் இப்படிக் கூட்டாகத் தருவிப்பது தனிப்பட்ட பொதி அல்ல, இறக்குமதி. அதற்கு வரி இலக்கம் பெற்றுப் பதிவு செய்ய வேண்டும். சுங்க முகவர் ஒருவரும் தேவைப்படுவார். ஒரு கிராமச் சங்கம் தனியே இதைச் செய்வது கடினம். செய்யக்கூடியது வேறொன்று உண்டு. கிராம அபிவிருத்திச் சங்கமோ மாதர் சங்கமோ கூட்டுறவுச் சங்கத்தின் மூலம் கொழும்பு மொத்த விலைக்கு ஒரு பெட்டி பாகங்களை வாங்கி வைக்கலாம். ரியூப், ஒட்டும் பசை, கம்பி, குண்டு, கோன், பிறேக் கட்டை, செயின் இணைப்பு ஆகியன போதும். வாங்கிய விலையோடு ஒரு சிறு தொகை சேர்த்து விற்று, அந்தப் பணத்தில் மீண்டும் நிரப்பலாம். கொப்பியில் வரவும் செலவும் எழுதப்பட வேண்டும். மாதம் ஒருமுறை கூட்டத்தில் வாசிக்கப்பட வேண்டும்.

10. பொதி வந்துவிட்டால்

அறிவித்தல் கிடைத்தவுடன் போங்கள். இலவச நாட்கள் கடந்தால் களஞ்சியக் கூலி நாளுக்கு நாள் ஏறும்.

தேசிய அடையாள அட்டை, வந்த அறிவித்தல், விலைப்பட்டியல், பணம் செலுத்திய சீட்டு ஆகியவற்றையும் அவற்றின் பிரதிகளையும் கொண்டு போங்கள். பழைய அளவுத் தாளையும் கொண்டு போங்கள். எந்தப் பாகம் எது என்று விளக்க உதவும்.

கட்டச் சொல்லும் தொகைக்கு விபரம் கேளுங்கள். எந்த இலக்கம், எந்தப் பெறுமதி, எந்த வீதம் என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதியிருந்தால் தமிழில் விளக்கும்படி கேளுங்கள். தமிழும் இந்நாட்டின் அரசகரும மொழி. பெறுமதி கூடுதலாக வைக்கப்பட்டிருப்பதாகத் தோன்றினால், விலைச்சீட்டைக் காட்டி மேலதிகாரியிடம் எழுத்தில் முறையிடலாம். பற்றுச்சீட்டு இல்லாமல் எவருக்கும் எந்தப் பணமும் கொடுக்க வேண்டாம்.

வீட்டு வாசல் வரை கொண்டு வரும் நிறுவனம் மூலம் வந்தால், “வரி அனுப்பியவர் கட்டிவிட்டாரா, நாம் கட்ட வேண்டுமா?” என்று அனுப்பும்போதே எழுத்தில் கேட்டு வையுங்கள். இந்த ஒரு கேள்வியைக் கேட்காததால் வாசலில் வந்து நிற்கும் சண்டைகள் பல.

கூடிப் பேசுவதற்கு

1. உங்கள் கிராமத்தில் கடந்த ஓராண்டில் வெளிநாட்டிலிருந்து என்னென்ன பொருட்கள் வந்தன? அவற்றை எடுக்க எவ்வளவு செலவானது? அதே பொருள் இங்கே என்ன விலை?

2. உருளைக்கிழங்குக்கு இறக்குமதி வரி வேண்டும் என்கிறோம். சைக்கிள் பாகத்துக்கு வேண்டாம் என்கிறோம். இரண்டையும் எப்படி நியாயப்படுத்துவோம்? உள்நாட்டில் செய்யப்படாத ஒரு பாகத்துக்கு உயர்ந்த வரி இருந்தால் யாரிடம் முறையிடலாம்?

3. நம் ஊரில் ஒரு பாகப் பெட்டி வைக்க எவ்வளவு முதல் வேண்டும்? யார் பொறுப்பாக இருப்பார்?

செய்து பார்க்க

ஒரு பாகத்தின் விலை 40 டொலர், கூலி 24 டொலர், காப்புறுதி 1 டொலர். ஒரு டொலர் 300 ரூபா. தீர்வை நூற்றுக்கு 20, துறைமுக அறவீடு நூற்றுக்கு 10, வற் நூற்றுக்கு 18. வந்து சேரும் விலை என்ன? பள்ளிக்கூடம் போகும் பிள்ளையிடம் கொப்பியைக் கொடுத்து, பக்கத்தில் இருந்து நீங்களும் செய்யுங்கள். விடை 30,264 ரூபா வர வேண்டும். அந்தத் தொகைக்கு அதே பாகம் உங்கள் ஊர்க் கடையில் கிடைக்குமா என்பதை நாளை சந்தைக்குப் போகும் வழியில் கேட்டு, கணக்குக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.